சாம்பல் நைஸா இருக்கு, மிஸ்



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். கடைசிப் பீரியடிலும் மணி அடித்த பிறகு ஐந்து நிமிஷம் உங்களைப் பிடித்து வைத்த பழக்கம் இன்னும் போகவில்லை. மீஞ்சூரில் ரயில் ஏறுகிறவர்கள் இப்போது படிக்க ஆரம்பித்தால் திருவொற்றியூர் வருவதற்குள் முடித்துவிடலாம்.

"நைஸ்" என்ற ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்தச் சொல்லால் நான் செய்த ஒரு தப்பும் இதில் இருக்கிறது. அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

என்னிடம் இங்கிலீஷ் படித்தவர்களுக்கு நைஸ் என்றதும் சிவப்பு மை ஞாபகம் வரும். கட்டுரை எழுதச் சொன்னால் நீங்கள் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவீர்கள். பொங்கல் இஸ் நைஸ். மெரினா பீச் இஸ் நைஸ். மை மதர் இஸ் நைஸ். மை ஸ்கூல் இஸ் ஆல்சோ நைஸ். படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. "பொங்கலுக்கும் அம்மாவுக்கும் பீச்சுக்கும் ஒரே சொல்லா? இனி ஒரு நைஸுக்கு அரை மார்க் குறைப்பேன்" என்று சட்டம் போட்டேன். குறைத்தும் இருக்கிறேன். அரை மார்க்கில் ஃபர்ஸ்ட் ரேங்க் போனவள் ஒருத்தி இன்னும் வாட்ஸ்அப்பில் என்னை அதற்காகத் திட்டுகிறாள்.

அந்தச் சட்டம் என் சொந்தச் சரக்கு இல்லை. கல்லூரியில் எங்களுக்கு ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தேங்கர் அபே' நாவல் நடத்தினார்கள். 1817 கடைசியில், அந்த அம்மா இறந்த பிறகு வெளிவந்த புத்தகம். அதில் கதாநாயகி ஒரு புத்தகத்தை நைஸ் என்பாள். நல்ல நாளுக்கும் நைஸ், எல்லாவற்றுக்கும் நைஸ் என்று கதாநாயகன் அவளைக் கிண்டல் செய்வான். இருநூறு வருஷத்துக்கு முன்பே சலித்துப்போன சொல்லை என் பிள்ளைகள் எழுதக் கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

இப்போது 2007-க்கு வருகிறேன்.

எட்டாம் வகுப்பு. "மை மதர்" என்ற தலைப்பில் பத்து வரி எழுதச் சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன். பெயர் சொல்லவில்லை, அவன் இதைப் படிப்பான், அவன் கூடப் படித்தவர்களும் படிப்பார்கள். அவன் எழுதியது இது: மை மதர் ஒர்க்ஸ் இன் பிரிக் கம்பெனி. தி ஆஷ் இஸ் வெரி நைஸ்.

நான் அதை வகுப்பில் சத்தமாகப் படித்தேன். "சாம்பல் நைஸாம்! ஏண்டா, சாம்பல் என்ன பாயசமா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் எழுந்து நின்று, "இல்ல மிஸ், அம்மா அப்படித்தான் சொல்லும். நைஸா இருக்கும் மிஸ், மாவு மாதிரி" என்றான். "உட்காரு" என்று சொல்லி அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவன் என் பீரியடில் கை தூக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. கவனித்தேன் என்று இப்போது சொன்னால் அது பொய்.

அத்திப்பட்டு தெரியாத உறவுகளுக்காக ஒரு விளக்கம். 'சிட்டிசன்' படம் 2001-இல் வந்ததிலிருந்து எங்கே போனாலும், "வரைபடத்திலேயே இல்லாமப் போச்சே, அந்த ஊரா?" என்று கேட்கிறார்கள். அது அத்திப்பட்டி, கதையில் வரும் ஊர். நாங்கள் அத்திப்பட்டு. கும்மிடிப்பூண்டி லைனில் எண்ணூர் தாண்டியதும் அத்திப்பட்டு புதுநகர், அதற்கடுத்து அத்திப்பட்டு என்று இரண்டு ஸ்டேஷன் எங்கள் பெயரில் இருக்கின்றன. 1994-இல் வடசென்னை அனல் மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. 2001-இல் எண்ணூர் துறைமுகம் வந்தது. அதுதான் இப்போது காமராஜர் துறைமுகம். நிலக்கரி இருக்கும் இடத்தில் சாம்பலும் இருக்கும். நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேலேயே சாம்பல்தான் என்று சொல்வார்கள். அந்தச் சாம்பலைச் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பயன்படுத்த வேண்டும் என்று 1999-இல் மத்திய அரசு உத்தரவு போட்டது. இந்த மாதிரி ஊர்ப்பக்கம் சாம்பல் கல் அறுக்கும் பட்டறைகள் இருப்பது அதனால்தான். சாம்பல், சிமெண்ட், கிரஷர் தூள் எல்லாம் கலந்து அச்சில் அழுத்தி எடுப்பார்கள். சூளை கிடையாது. அப்படி ஒரு சின்னப் பட்டறையில்தான் அந்தப் பையனின் அம்மாவுக்குக் கூலி வேலை.

என்னுடைய தப்பு எங்கே என்று பாருங்கள். அன்று காலையில் என் வீட்டில் நான் என்ன சொல்லியிருப்பேன்? "உளுந்தை நைஸா அரைக்கணும், அரிசி கொஞ்சம் கொரகொரன்னு இருக்கட்டும்." தினமும் சொல்வதுதான். என் மாமியாரும் சொல்வார், என் மகளும் சொல்கிறாள். தமிழில் மைய அரைப்பது என்று ஒரு அழகான சொல் இருக்கிறது. மை போல அரைப்பது. அதை விட்டுவிட்டு நாம் எல்லோரும் நைஸுக்கு வந்துவிட்டோம். கோலமாவு நைஸா இருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்க்கிறோம். சுவருக்குப் பூசும் கொத்தனார், "மணல் நைஸா சலிங்கம்மா" என்கிறார். இங்கிலீஷ்காரன் "ஃபைன்" என்று சொல்லும் இடத்தில் நாம் நைஸ் என்கிறோம். அவன் பொடியைச் சொல்ல நைஸ் என்ற சொல்லைத் தொட மாட்டான். நமக்கோ சமையலறைக்கு வெளியே வேறு நைஸ்களும் இருக்கின்றன. வேலை வந்ததும் நைஸா நழுவுகிறான் என்றால் சத்தமில்லாமல். நைஸா பேசி கையெழுத்து வாங்கிட்டான் என்றால் தந்திரமாக. அவளைக் கொஞ்சம் நைஸ் பண்ணு என்றால் தாஜா பண்ணு. துணி நைஸா இருக்கு என்றால் வழுவழுப்பாக. வாட்ஸ்அப்பில் போட்டோவுக்குக் கீழே நைஸ் என்று போட்டால், சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்!

காலையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் சரியாக இருந்த சொல், பத்து மணிக்கு வகுப்பில் எனக்குத் தப்பாகிவிட்டது. அந்தப் பையனும் அவன் அம்மாவும் என் சமையலறைத் தமிழைத்தான் எழுதியிருந்தார்கள். ஃபைன் என்று மாற்றிக் கொடுத்திருந்தால் போதும், முதல் தரமான வாக்கியம். அன்று வகுப்பில் ஐம்பது பிள்ளைகள் எழுதியதில் தன் அம்மா கையால் தொடுகிற பொருள் எப்படி இருக்கும் என்று எழுதியவன் அவன் ஒருவன்தான். மற்ற எல்லோருடைய அம்மாவும் கைண்டு, லவிங்.

ஓய்வு பெற்ற பிறகு அகராதி புரட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு. நைஸ் என்ற சொல்லின் பூர்வீகத்தைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. லத்தீனில் "ஸ்கிரே" என்றால் தெரிதல். சயின்ஸ் அதிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் ஒரு "இல்லை" சேர்த்தால் "நெஸ்கியுஸ்", ஒன்றும் தெரியாதவன். அது பிரெஞ்சு வழியாக நைஸ் ஆகி, ஏறக்குறைய 1300 வாக்கில் இங்கிலீஷுக்கு வந்தபோது அதன் பொருள் முட்டாள்! யாரையாவது நைஸ் மேன் என்றால் அந்தக் காலத்தில் அடிக்க வருவான். பிறகு அது மெல்ல மாறியது. முட்டாள், அதற்கப்புறம் எதிலும் குறை கண்டு சிணுங்குகிறவன், அதற்கப்புறம் மென்மையானது, அப்புறம் நுட்பமானது. நுணுக்கமான வேறுபாட்டை "நைஸ் டிஸ்டிங்ஷன்" என்று வக்கீல்களும் பேராசிரியர்களும் இன்றைக்கும் சொல்வார்கள். இனிமையானது, நல்லது என்ற பொருள் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் பரவியது. ஆக, நான் சட்டம் போட்டுக் காப்பாற்றிய பொருள்தான் கடைசியாக வந்தது. அந்தப் பையன் எழுதிய நைஸ், அதற்கு முந்தைய மென்மைக்கும் நுட்பத்துக்கும் பக்கத்து வீடு.

எங்கள் பள்ளித் தமிழய்யாவிடம் இதைச் சொன்னேன். "இதுல என்னம்மா ஆச்சரியம்? ஒரு சொல் பல பொருளுக்கும் வரும், பல சொல் ஒரு பொருளுக்கும் வரும்னு தொல்காப்பியர் உரியியல்லயே சொல்லிட்டாரே" என்றார். அங்கே "கடி" என்ற சொல்லுக்குக் கூர்மை, காவல், புதுமை, விரைவு, அச்சம் என்று பத்துக்கு மேல் பொருள் இருக்கிறது. எது எங்கே என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "நம்ம பசங்களுக்கு இப்ப கடின்னா கடி ஜோக்குதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

இது வெறும் சொல்லாராய்ச்சியாக இருந்திருந்தால் நான் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் பைக் நின்றது. "மிஸ், என்னைத் தெரியுதா?" முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கடைசி பெஞ்ச் என்று அவனே சொன்னான். உள்ளே வந்து உட்கார்ந்தான். டிப்ளமோ முடித்து, ரெடிமிக்ஸ் கான்கிரீட் போடும் ஒரு இடத்தில் லேபில் வேலையாம். "என்ன வேலைப்பா லேபில்?" என்று கேட்டேன்.

"சிமெண்ட், ஜல்லி, சாம்பல் எல்லாம் டெஸ்ட் பண்ணணும் மிஸ். சாம்பல்ல முக்கியமா ஃபைன்னஸ் பார்க்கணும். 45 மைக்ரான் சல்லடை. தண்ணி விட்டு அலசுவோம். நூத்துக்கு 34-க்கு மேல சல்லடையில தங்கிடுச்சுன்னா அந்த லோடை எடுக்க மாட்டோம். எவ்வளவு நைஸா இருக்கோ அவ்வளவு நல்லது மிஸ், கான்கிரீட் கெட்டியா பிடிக்கும்."

தலைமுடியைவிட மெல்லிய ஓட்டை அது. பாய்லரில் எரியும்போது கனமான சாம்பல் அடியில் விழுந்துவிடும், லேசானது புகையோடு மேலே போகும், அதைப் பிடித்துச் சேர்ப்பதுதான் ஃபிளை ஆஷ் என்று எனக்குப் பாடம் நடத்தினான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் குட்டிக் குட்டிக் கண்ணாடி உருண்டையாக இருக்குமாம். அதனால்தான் விரலில் தேய்த்தால் மாவு மாதிரி வழுக்குகிறது. நான் பாயசமா என்று கேட்டதை அவன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. காபி கொடுத்தேன்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு ஓ.பி. சீட்டை எடுத்தான். "அம்மாவுக்கு ஆறு மாசமா வறட்டு இருமல் மிஸ். மாடி ஏறினா மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்தாங்க. இதுல ஃபைன்னு இருக்கு. எல்லாம் ஃபைன், ஒண்ணும் இல்லன்னு வீட்ல சந்தோஷமாயிட்டாங்க. எனக்குத்தான் சந்தேகம். எங்க லேப்ல ஃபைன்னா நல்லாருக்குன்னு அர்த்தம் கிடையாது, பொடின்னு அர்த்தம். இது எந்த ஃபைன் மிஸ்?"

வாங்கிப் பார்த்தேன். மற்ற எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி. ஃபைன் மட்டும் தெளிவு. அடுத்த சொல்லை எழுத்துக் கூட்டினேன்: கிரெப்ஸ். கிரெப்பிடேஷன்ஸ் என்பதன் சுருக்கம். அகராதியில் பார்த்தேன். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கும்போது மூச்சை இழுக்கையில் வரும் மெல்லிய நொறுநொறுச் சத்தம். காதுக்குப் பக்கத்தில் நாலு முடியை விரலால் உரசிப் பாருங்கள், அந்த மாதிரிச் சத்தம். ஃபைன் என்றால் அந்தச் சத்தம் மெல்லியது, நுண்ணியது. அம்மா நலம் என்று யாரும் அதில் எழுதவில்லை.

"இது நல்ல ஃபைன் இல்லப்பா. என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. நாளைக்கே அம்மாவைக் கூட்டிட்டுப் போ" என்றேன். சொல்லிவிட்டு, "நானும் வரேன்" என்றேன்.

மறுநாள் போனோம். அந்த அம்மா என்னைவிட நாலைந்து வயது சின்னவர். "டீச்சரம்மா எதுக்கு அலையணும்" என்று ரயில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் பார்த்தது வேறு ஒரு டாக்டர், சின்னப் பெண். "என்ன வேலை செய்றீங்கம்மா?" என்று கேட்டாள். "கூலி வேலை" என்றார். அவள் அதை எழுதிக்கொண்டாள். போன தடவையும் கூலி வேலை என்றுதான் சொல்லியிருக்கிறார். கூலி வேலை என்றால் நாற்று நடுவதும் கூலி, பெருக்குவதும் கூலி.

நான் குறுக்கே பேசினேன். "அம்மா, பட்டறையில என்ன செய்வீங்கன்னு சொல்லுங்க."

"சாம்பல் சலிச்சு மெஷின்ல கொட்டுவேன்மா. இருபது வருஷம் ஆவுது. சாம்பல் நைஸா இருக்கும், டாக்டரம்மா. மாவு மாதிரி. துணி கட்டிக்கினாலும் உள்ள போயிடும்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "நைஸா இருக்குமா? எவ்வளவு நேரம் சலிப்பீங்க?" என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தாள். தூசி கொரகொரப்பாக இருந்தால் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும், இருமினால் வந்துவிடும். நைஸாக இருந்தால்தான் நுரையீரலின் அடிவரைக்கும் போகும் என்று எங்களுக்குச் சொன்னாள். பேப்பரில் காற்று மாசு பற்றி எழுதும்போது பி.எம். 2.5 என்று போடுகிறார்களே, அது இந்த நைஸின் அளவுதான். 2.5 மைக்ரான். ஒரு தலைமுடியின் அகலத்தில் முப்பது துகளை வரிசையாக நிறுத்தலாம். ஊதிப் பார்க்கும் டெஸ்டும் சி.டி. ஸ்கேனும் எழுதிக் கொடுத்தாள். "தூசியாலதான்னு இப்பவே சொல்ல முடியாது. வேற காரணமும் இருக்கலாம். ஆனா இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்மா" என்றாள்.

முன்னாடியே சொன்னார்கள் டாக்டர், 2007-லேயே எழுதிக் கொடுத்தார்கள், நான்தான் சிவப்பு மையால் அடித்துவிட்டேன் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

திரும்பி வரும்போது, அத்திப்பட்டு ஸ்டேஷன் பெஞ்சில் அந்த அம்மா மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது, பையனிடம் சொன்னேன். "எட்டாவதுல உன் கட்டுரையைப் படிச்சு வகுப்பையே சிரிக்க வெச்சேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மிஸ்."

"நீ எழுதினது சரிப்பா. நான்தான் தப்பு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "அரை மார்க் பாக்கி மிஸ்" என்றான். அவன் அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த அம்மா இப்போது பட்டறைக்குப் போவதில்லை. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, மருந்து நடக்கிறது, அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேல் எழுதுவது சரியில்லை. அவர்கள் குடும்ப விஷயம். இந்த அளவு எழுதவும் அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நைஸ் என்றால் ஒன்றும் தெரியாதவன் என்பது பழைய அர்த்தம் என்று மேலே சொன்னேன். அந்தக் கணக்கில் அன்றைக்கு அந்த வகுப்பில் நைஸாக இருந்தது நான் ஒருத்திதான்.

உங்களில் பதினேழு பேர் இப்போது ஆசிரியர்கள். எண்ணி வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஒரு வார்த்தை: பிள்ளைகள் எழுதும் சொல் உங்களுக்குத் தப்பாகத் தெரிந்தால், அடிப்பதற்கு முன்னால், "எதைப் பார்த்து இப்படி எழுதினே?" என்று ஒரு தடவை கேளுங்கள். பேனாவைக் கையில் எடுக்காமல் கேளுங்கள்.

மற்ற எல்லோருக்கும்: பட்டறையிலோ, கிரஷரிலோ, சிமெண்ட் கோடவுனிலோ வேலை செய்கிற அப்பா அம்மா உங்கள் வீட்டில் இருந்தால், டாக்டரிடம் போகும்போது கூலி வேலை என்று நிறுத்திவிடாதீர்கள். என்ன பொருள், எவ்வளவு நைஸ், எத்தனை வருஷம் என்று சொல்லுங்கள். சீட்டில் ஃபைன் என்று இருந்தால் அடுத்த சொல்லையும் சேர்த்துப் படியுங்கள். புரியவில்லை என்றால் எனக்குப் போட்டோ அனுப்புங்கள். டாக்டர் இல்லை என்றாலும் எழுத்துக் கூட்டத் தெரியும்.

அந்த அரை மார்க்கை இன்று போட்டுவிட்டேன், தம்பி. பத்துக்குப் பத்து.

கமெண்டில் யாரும் வெறும் நைஸ் என்று மட்டும் போட வேண்டாம். சட்டம் இன்னும் அமலில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் மிஸ்,
அத்திப்பட்டு